ஃபிளட்டரில் சி லைப்ரரி: டார்ட் எஃப்எஃப்ஐயை நம்பி இறங்கலாமா?

சி-யில் எழுதிய லைப்ரரி ஒன்றை, டார்ட் மொழியில் எழுதும் ஃபிளட்டர் ஆப்புக்குள் கொண்டுவர இன்றைக்கு இருக்கும் வழிகளில் மிகக் குறுகியது, சி ஃபங்ஷனை டார்ட்டிலிருந்து நேரடியாக அழைக்க உதவும் டார்ட் எஃப்எஃப்ஐ (FFI)தான். இறங்கலாம். ஆனால் சி ஃபங்ஷனை அழைத்துக் கொடுப்பதோடு அது கையைக் கழுவிக்கொள்கிறது. எந்த மெமரியை யார் விடுவிப்பது, எது எந்த த்ரெட்டில் ஓடும் என்ற கேள்விகள் நம் தலையில்தான் விடியும். அவற்றுக்குப் பதிலை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் இது அருமையான கருவி. இல்லையென்றால், நம் மேசையில் இருக்கும் போனில் நன்றாக ஓடிவிட்டு ஸ்டோருக்குப் போன பிறகு விழும் ஆப்தான் மிஞ்சும்.

எஃப்எஃப்ஐ என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே நான்கு சாமான்கள் இருக்கின்றன. மொழியோடு வரும் மைய லைப்ரரி 2021 மார்ச்சில் டார்ட் 2.12-இல் நிலையான வெளியீடாக வந்தது. மலாக் (மெமரியில் இடம் பிடிப்பது), யுடிஎஃப்-8 (எழுத்துகளை பைட்டாக்கும் முறை) உதவிகள் எல்லாம் தனி எஃப்எஃப்ஐ பேக்கேஜில் இருக்கின்றன. சி ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் இருக்கும் ஹெடர் ஃபைலைப் படித்து டார்ட் கோடு எழுதித் தருவது எஃப்எஃப்ஐஜென். சி கோடை பில்டு செய்து ஆப்போடு சேர்ப்பது பில்டு ஹுக். தரம் நான்கிலும் ஒரே மாதிரி இல்லை. மையம் கெட்டியானது. ஜெனரேட்டர் நல்லது, ஆனால் எல்லை தெரிந்து பயன்படுத்த வேண்டும். பில்டு பகுதி அண்மையில்தான் ஒரு நிலைக்கு வந்திருக்கிறது.

அழைப்பு

பழைய வழியான மெத்தட் சேனலில், டார்ட் மதிப்புகளை பைட்டுகளாக்கி அனுப்ப வேண்டும். மறுபக்கம் கோட்லினோ ஸ்விஃப்டோ அதைப் பிரித்து எடுக்கும். ஆண்ட்ராய்டில் அங்கிருந்து சி-க்குப் போக, ஜாவா உலகின் பாலமான ஜேஎன்ஐ வழியாக மறுபடி ஒரு தாவல். பதிலும் அதே பாதையில், எப்போதும் அசிங்க்ரனஸாகத்தான் திரும்பும். ஒரு கேமரா ஃபிரேமை இப்படி அனுப்பினால் அது வழியெல்லாம் காப்பி ஆகிக்கொண்டே போகும். எஃப்எஃப்ஐயில் நடுவில் யாருமே இல்லை. ஃபங்ஷனின் முகவரியைத் தேடி எடுத்து, சி-யில் அதன் வகை, டார்ட்டில் அதன் வகை என இரண்டையும் சொன்னால் போதும்; சாதாரண டார்ட் ஃபங்ஷன் போல அழைக்கலாம். கோட்லின் ஃபைலும் வேண்டாம், ஸ்விஃப்ட் ஃபைலும் வேண்டாம், பேக்கேஜ் பெயரையும் கிளாஸ் பெயரையும் ஒட்டவைத்த ஜேஎன்ஐ ஃபங்ஷன் பெயர்களும் வேண்டாம்.

அழைப்பு நேரடியாக நடப்பதால் அது முடியும்வரை டார்ட் அங்கேயே நிற்கும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு 16.6 மில்லிசெகண்டுதான் கிடைக்கும். 120 ஹெர்ட்ஸில் 8.3. படத்தைச் சுருக்குவது, என்கிரிப்ட் செய்வது போன்ற வேலையை மெயின் ஐசொலேட்டில் (டார்ட் கோடு தனி மெமரியோடு ஓடும் அலகுதான் ஐசொலேட்) அழைத்தால் ஸ்க்ரோல் திக்கும். வேலையை வேறொரு ஐசொலேட்டுக்கு அனுப்ப டார்ட் 2.19-இல் வந்த ஐசொலேட் ரன் இதற்குப் போதுமானது. பாயிண்டரின் முகவரியை இன்டிஜராக அனுப்பி, மறுபக்கம் மீண்டும் பாயிண்டராக்கிக்கொள்ளலாம்.

லீஃப் அழைப்பு என்றொரு வசதி உண்டு. சாதாரண அழைப்பில் டார்ட் ரன்டைம் 'இந்த த்ரெட் இப்போது சி-க்குள் போகிறது' என்று குறித்துக்கொள்ளும். லீஃபில் அதைத் தவிர்ப்பதால் வேகம் கூடும். டார்ட் 3.5 முதல் டைப்டு டேட்டா எனும் எண் வரிசைகளின் முகவரியை லீஃப் அழைப்புக்கு நேரடியாகத் தரவும் முடிகிறது, அதற்காக மலாக் செய்து காப்பி அடிக்க வேண்டியதில்லை. வேகம் என்றதும் எல்லா ஃபங்ஷனிலும் லீஃப் என்று போட்டுவிடுபவர்கள் உண்டு. கூடாது. லீஃப் ஓடும்போது, பயன்படாத மெமரியைத் துடைக்கும் கார்பேஜ் கலெக்டர் அதற்காகக் காத்திருக்கும். அந்த ஐசொலேட்டுக்கு மட்டுமல்ல, அதன் ஐசொலேட் குழு முழுவதற்குமே. உள்ளிருந்து டார்ட்டைத் திரும்ப அழைக்கவும் அனுமதியில்லை. சில மைக்ரோசெகண்டில் முடியும் சின்னக் கணக்குகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்கியூலைட்டை வைத்துப் பார்த்தால்

இந்தக் கருவியின் குணம் முழுக்க, சி-யில் எழுதிய டேட்டாபேஸ் லைப்ரரியான எஸ்கியூலைட்டில் தெரிந்துவிடும். டேட்டாபேஸைத் திறக்கும் ஃபங்ஷன் இரண்டு ஆர்க்யுமென்ட் கேட்கிறது: ஃபைல் பெயர், கனெக்ஷன் பாயிண்டரை எழுதி வைக்க ஓர் இடம். டார்ட் ஸ்ட்ரிங் யுடிஎஃப்-16; எஸ்கியூலைட் கேட்பது கடைசியில் பூஜ்ய பைட்டோடு முடியும் யுடிஎஃப்-8. மாற்றித் தரும் உதவி ஃபங்ஷன் மலாக்கில் இடம் பிடிக்கும். விடுவிப்பது நம் வேலை. பேக்கேஜில் இருக்கும் அரீனாவுக்குள் இதைச் செய்தால், பிளாக் முடிந்ததும் பிடித்த இடமெல்லாம் தானாகப் போய்விடும். நடுவில் எக்செப்ஷன் வந்தாலும் சரி. அரீனா இல்லாமல் கையால் விடுவிக்கும் கோடை ரிவ்யூவில் பார்த்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

பிறகு திரும்பி வந்த எண்ணைச் சோதிக்க வேண்டும். திறப்பது தோற்றாலும் கனெக்ஷன் பாயிண்டர் பெரும்பாலும் வந்துவிடும். அதையும் மூடியாக வேண்டும், மூடுவதற்கு முன்பே பிழைச் செய்தியைப் படித்துக்கொள்ள வேண்டும். மாற்றிச் செய்தால் விடுவித்த மெமரியிலிருந்து படிப்பதாகிவிடும்.

அடுத்தது உண்மையிலேயே கையைக் கடிக்கும் இடம். எஸ்கியூஎல் வரியில் எழுத்தைக் கட்டும் பைண்ட் டெக்ஸ்ட் ஃபங்ஷனின் கடைசி ஆர்க்யுமென்ட், 'இந்த ஸ்ட்ரிங்கை என்ன செய்யட்டும்' என்று கேட்கிறது. நல் (null) பாயிண்டர் கொடுத்தால், ஸ்ட்ரிங் கடைசிவரை அங்கேயே இருக்கும் என்று எஸ்கியூலைட் நம்பிவிடும். அரீனாவில் பிடித்த ஸ்ட்ரிங்கை இப்படிக் கொடுத்து, பிளாக்குக்கு வெளியே அந்த வரியை ஓட்டும் ஸ்டெப் ஃபங்ஷனை அழைத்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் கிராஷ் ஆகாது. அந்த இடத்தில் அப்போது எது இருக்கிறதோ அது டேபிளில் ஏறிவிடும். பல நாள் கழித்து யாரோ ஒருவரின் முகவரிக் கட்டத்தில் குப்பை எழுத்துகள் தெரியும்போது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினாலும் காரணம் அகப்படாது. சரியான மதிப்பு 'டிரான்சியன்ட்', அதாவது உடனே காப்பி எடுத்துக்கொள் என்பது. ஆனால் ஹெடரில் அது -1-ஐ ஃபங்ஷன் பாயிண்டராக மாற்றும் மேக்ரோ (கம்பைலுக்கு முன்பே வேறு எழுத்தாக மாறிவிடும் பெயர்). எஃப்எஃப்ஐஜென் அதைத் தராது. -1 என்ற முகவரியிலிருந்து பாயிண்டரை நாமே உண்டாக்கித் தர வேண்டும்.

படிக்கும்போதும் இதே கதைதான். டேபிளின் ஒரு கட்டத்தைப் படிக்கும் காலம் (column) டெக்ஸ்ட் தரும் பாயிண்டர் அடுத்த ஸ்டெப், ரீசெட், ஃபைனலைஸ் வரைதான் செல்லும். அதை லிஸ்டில் சேர்த்து வைத்துக்கொண்டு லூப்பை ஓட்டினால் முடிந்தது. வந்த கையோடு டார்ட் ஸ்ட்ரிங்காக மாற்றிவிடுங்கள். நீளத்தையும் காலம் பைட்ஸ் மூலம் கேட்டு வாங்குங்கள். நடுவில் பூஜ்ய பைட் இருந்தால் ஸ்ட்ரிங் பாதியில் நின்றுவிடும்.

ஜெனரேட்டர்

கையால் ஸ்ட்ரக்ட் (பல ஃபீல்டுகளைச் சேர்த்த சி வகை) எழுதுவதை எஃப்எஃப்ஐஜென் நிறுத்திவிட்டது. அது ஒன்றுக்காகவே வைத்துக்கொள்ளலாம். டேட்டாவைச் சுருக்கும் லைப்ரரியான இசட்லிப்பின் ஸ்ட்ரீம் ஸ்ட்ரக்ட் 64-பிட் போனில் 112 பைட், 32-பிட்டில் 56. உள்ளே இருக்கும் அன்சைன்டு லாங் இரண்டு இடத்திலும் வேறு அளவு என்பதும் இதில் சேர்ந்தது. கையால் எழுதுபவர் அதை 64-பிட் இன்டிஜர் என்று போட்டுவிட்டால் புதுப் போனில் எல்லாம் சரியாக ஓடும். பழைய 32-பிட் போனில் இனிஷியலைஸ் ஃபங்ஷன் -6 என்று திருப்பும். அது 'வெர்ஷன் பிழை' என்பதால் லைப்ரரி பதிப்பைத் தேடிக்கொண்டு போவோம். உண்மையில் ஸ்ட்ரக்ட் அளவு பொருந்தாததும் அதே எண்ணைத்தான் தரும். இசட்லிப் குறைந்தது சோதித்துச் சொல்கிறது. பெரும்பாலான லைப்ரரிகள் சொல்லாமல் பக்கத்து ஃபீல்டை மிதித்துவிடும். லாங், சைஸ், கேர் (char) ஆகியவற்றுக்கு டார்ட் 2.17 முதல் மேடைக்கேற்ற (பிளாட்ஃபார்முக்கேற்ற) வகைகள் இருக்கின்றன. ஜெனரேட்டர் அவற்றைத்தான் போடும். கேர் கூடவா என்று கேட்கலாம். ஆம், ஆண்ட்ராய்டு ஆர்மில் அது அன்சைன்டு, ஐஃபோனில் சைன்டு.

அதே இசட்லிப்பில் எல்லோரும் ஆவணத்தில் படிக்கும் இன்ஃப்ளேட் இனிட் ஒரு ஃபங்ஷனே அல்ல, மேக்ரோ. உண்மையான ஃபங்ஷன் பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடு இருக்கும்; பதிப்பு ஸ்ட்ரிங்கையும் ஸ்ட்ரக்ட் அளவையும் கூடுதலாகக் கேட்கும். ஆர்க்யுமென்ட் வாங்கும் மேக்ரோக்களும் ஹெடரிலேயே எழுதிய ஸ்டேடிக் இன்லைன் ஃபங்ஷன்களும் லைப்ரரி ஃபைலில் சிம்பலாக, அதாவது தேடக்கூடிய பெயராக, இருப்பதில்லை. ஜெனரேட்டர் தேடினாலும் கிடைக்காது. அவற்றுக்கு நாமே ஒரு சி ஃபைலில் ஒற்றை வரி ஃபங்ஷன் எழுதிக்கொள்ள வேண்டும்.

சி++ ஹெடரைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கிளாஸ், டெம்ப்ளேட் எதுவும் வராது. எக்ஸ்டெர்ன் சி போட்ட மெல்லிய உறை ஒன்று தேவை: ஆப்ஜெக்டை உண்டாக்க ஒரு ஃபங்ஷன், அழிக்க ஒரு ஃபங்ஷன், ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று, டார்ட் பக்கம் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத வெறும் பாயிண்டர். அந்த உறையின் ஒவ்வொரு ஃபங்ஷனிலும் எல்லா எக்செப்ஷனையும் பிடித்து எண்ணாகத் திருப்ப வேண்டும். ஒரு சி++ எக்செப்ஷன் எல்லை தாண்டி டார்ட்டை நோக்கி வந்தால் டார்ட்டின் ட்ரை-கேட்ச் அதைப் பார்க்கக்கூடச் செய்யாது. ஆப் மொத்தமாகச் சாயும்.

எனம் (பெயரிட்ட எண்களின் பட்டியல்) பற்றி ஓர் எச்சரிக்கை. புதிய பதிப்புகள் சி எனமை டார்ட் எனமாகவே தருகின்றன. பார்க்க அழகாக இருக்கும். லைப்ரரி அடுத்த பதிப்பில் ஒரு பிழை எண்ணைக் கூட்டினால், தெரியாத எண் வந்ததும் டார்ட் பக்கம் எக்செப்ஷன் வீசும். வளரக்கூடிய எனம்களை இன்டிஜராகவே வைக்கும்படி கான்ஃபிக்கில் சொல்லிவிடுங்கள். ஹெடர் வடிகட்டியையும் இறுக்கமாக வையுங்கள். கண்ட சிஸ்டம் ஹெடரும் உள்ளே வந்து ஆயிரக்கணக்கான வரி ஃபைல் ஒன்று ரிவ்யூவுக்கு வந்தால் யாரும் படிக்கப்போவதில்லை.

கால்பேக், த்ரெட், ஹாட் ரீஸ்டார்ட்

லைப்ரரி திரும்ப டார்ட்டை அழைக்கும் இடத்தில்தான் இந்தக் கருவி நீண்ட காலம் நொண்டியடித்தது. பழைய முறைக் கால்பேக்கை லைப்ரரியின் சொந்த த்ரெட் ஒன்று அழைத்தால், 'ஐசொலேட்டுக்கு வெளியே கால்பேக்கை அழைக்க முடியாது' என்று சொல்லி ப்ராசஸையே நிறுத்திவிடும். 2023-இல் டார்ட் 3.1 கொண்டுவந்த நேட்டிவ் காலபிளின் லிசனர் வகை இதைத் தீர்த்தது. எந்த த்ரெட்டிலிருந்தும் அழைக்கலாம். ஆனால் அது செய்தியைப் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடும், டார்ட் கோடு பிறகுதான் ஓடும். எனவே திருப்பித் தர மதிப்பு ஏதும் இருக்க முடியாது. ஆர்க்யுமென்டாக வந்த பாயிண்டரை லைப்ரரி அதற்குள் விடுவித்திருக்கலாம். லாக் (log) செய்தியை இப்படிக் கொடுக்கும் லைப்ரரிகள் ஏராளம். உறையில் ஒரு காப்பி எடுத்து அனுப்பி, படித்து முடித்த பிறகு டார்ட்டிலிருந்து விடுவிப்பதே வழி. வேலை முடிந்ததும் காலபிளை மூடவும் மறக்கக்கூடாது. திறந்தே இருந்தால் ஐசொலேட் முடியாமல் உட்கார்ந்திருக்கும்.

ஐசொலேட் என்பது ஒரு த்ரெட் அல்ல என்பதையும் பலர் தாமதமாகவே தெரிந்துகொள்கிறார்கள். ஓர் அவெய்ட்டுக்கு முன்னும் பின்னும் பின்னணி ஐசொலேட் வேறு வேறு த்ரெட்டில் ஓடலாம். த்ரெட்டுக்கென்று தனி நிலை வைத்திருக்கும் லைப்ரரிகள் இதில் குழம்பிப்போகும். சி-யின் பிழை எண்ணான எர்ர்நோவை டார்ட்டிலிருந்து படிப்பதும் இதே ரகம்: நாம் போய்ச் சேர்வதற்குள் ரன்டைமே அதை மாற்றியிருக்கலாம். உறை ஃபங்ஷனிலேயே பிடித்து, அவுட் ஆர்க்யுமென்டாக வெளியே கொடுங்கள்.

டெவலப்மென்ட்டின்போது மட்டும் வரும் ஒரு தொல்லை: ஹாட் ரீஸ்டார்ட் டார்ட் பக்கத்தை முழுக்கத் துடைத்துவிடும், லைப்ரரியைத் தொடாது. ஸ்டேடிக் வேரியபிள்கள் பழைய மதிப்போடு இருக்கும், பதிவு செய்த கால்பேக் அழிந்துபோன ஃபங்ஷனைக் காட்டிக்கொண்டிருக்கும். லைப்ரரியை முதல் நிலைக்குக் கொண்டுவரும் ஃபங்ஷன் ஒன்றை மெயினின் தொடக்கத்தில் அழைத்தால் பாதித் தலைவலி போய்விடும். சி கோடில் செய்த மாற்றம் ஹாட் ரீலோடில் வராது. முழு பில்டு வேண்டும்.

விடுவிப்பதைத் தானியங்கியாக்க டார்ட் 2.17-இல் நேட்டிவ் ஃபைனலைசர் வந்தது. டார்ட் ஆப்ஜெக்ட் குப்பைக்குப் போகும்போது லைப்ரரியின் அழிக்கும் ஃபங்ஷனை அது அழைக்கும். நல்ல ஏற்பாடு, ஒரு நிபந்தனையோடு: உறை கிளாஸ் ஃபைனலைசபிள் என்று குறித்திருக்க வேண்டும். குறிக்காவிட்டால், பாயிண்டரைப் படித்து முடித்ததுமே அந்த ஆப்ஜெக்ட் இனித் தேவையில்லை என்று ஆப்டிமைசர் முடிவுகட்டிவிடலாம். அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கார்பேஜ் கலெக்டர் அடியில் இருப்பதை விடுவித்துவிடும். எப்போது ஓடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. கனெக்ஷன், ஃபைல் போன்றவற்றுக்கு வெளிப்படையான குளோஸ் கட்டாயம். ஃபைனலைசர் இரண்டாவது வலை மட்டும்தான். இன்னொன்று: லைப்ரரி பிடித்த மெமரியை லைப்ரரியின் ஃபங்ஷனால்தான் விடுவிக்க வேண்டும். ரஸ்ட் மொழி லைப்ரரி தந்த பாயிண்டரை டார்ட் மலாக்கின் ஃப்ரீயில் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

பில்டு

முன்பெல்லாம் ஆண்ட்ராய்டுக்கு சிமேக், ஐஓஎஸ்ஸுக்கு பாட்ஸ்பெக் என இரண்டு பில்டுகளை வளர்க்க வேண்டியிருந்தது. பாட்ஸ்பெக் தன் ஃபோல்டருக்கு வெளியே பார்க்காது என்பதற்காக, அசல் சி ஃபைலை இன்க்ளூட் செய்யும் ஒற்றை வரி ஃபைல்களை எல்லாம் வைத்துக்கொண்டிருந்தோம். 2025 நவம்பரில் டார்ட் 3.10, ஃபிளட்டர் 3.38-உடன் பில்டு ஹுக் நிலையானது. ஹுக் ஃபோல்டரில் ஒரு டார்ட் ஃபைல்; எந்த சி ஃபைல்கள், என்னென்ன ஃபிளாக் என்று அதில் சொன்னால் எல்லா மேடைக்கும் அதுவே பில்டு செய்து சேர்க்கும். லைப்ரரியைத் திறக்கும் கோடுகூட வேண்டாம், நேட்டிவ் என்று குறித்த எக்ஸ்டெர்னல் ஃபங்ஷன் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். புது ப்ராஜெக்டுக்கு இதைத் தவிர வேறொன்றை யோசிக்க வேண்டாம்.

பழைய முறையில் இருப்பவர்களுக்கு ஐஓஎஸ்ஸில் ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்டேடிக்காகச் சேர்த்த லைப்ரரியின் ஃபங்ஷன்களை யாரும் நேரடியாக அழைப்பதாக, துண்டுகளை இணைத்து ஆப்பாக்கும் லிங்கருக்குத் தெரியாது. டார்ட் பெயரைச் சொல்லித் தேடுவது ரன்டைமில்தானே. தேவையில்லை என்று கழித்துவிடும். டீபக்கில் ஓடி, ரிலீஸில் 'சிம்பல் கிடைக்கவில்லை' என்று வந்தால் இதுதான். ஃபங்ஷனில் யூஸ்டு, விசிபிலிட்டி டிஃபால்ட் இரண்டும் இருக்க வேண்டும். தயார் ஆர்க்கைவாக இருந்தால் ஃபோர்ஸ் லோடு ஃபிளாக் வேண்டும். எக்ஸ்கோடில் ஸ்ட்ரிப் ஸ்டைலை நான்-குளோபல் சிம்பல்ஸ் என்று மாற்ற வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஸ்டோர் பில்டில்தான் தெரியவரும். எஸ்கியூலைட்டுக்கு இன்னொரு கூடுதல் சிக்கல்: ஐஓஎஸ்ஸில் சிஸ்டத்திலேயே ஒரு பிரதி இருப்பதால், ப்ராசஸ் முழுக்கத் தேடும்போது நாம் கட்டியதற்குப் பதில் அது மாட்டிக்கொள்ளலாம். திறந்தவுடன் பதிப்பு எண்ணைக் கேட்டுச் சரிபார்ப்பது நல்லது. ஆண்ட்ராய்டில் இந்தக் குழப்பம் இல்லை. ஆண்ட்ராய்டு 7 முதல் சிஸ்டத்தின் பிரதியைத் தொடவே விடாது, சொந்தமாகக் கொண்டுவந்தாக வேண்டும்.

ஆண்ட்ராய்டு பக்கம் இப்போது எல்லோரையும் பிடித்திருப்பது 16 கேபி பேஜ், அதாவது சிஸ்டம் மெமரியைப் பிரிக்கும் துண்டின் புது அளவு. 2025 நவம்பர் 1 முதல் ஆண்ட்ராய்டு 15-க்கும் மேலானவற்றுக்கும் பில்டு செய்யும் புது ஆப்புகளும் அப்டேட்களும் 64-பிட் சாதனங்களில் இதை ஆதரிக்க வேண்டும் என்கிறது கூகுள் பிளே. ஆண்ட்ராய்டின் சி கருவித்தொகுப்பான என்டிகே ஆர்28 தானாகவே செய்துவிடும். ஆர்27-இல் ஃப்ளெக்சிபிள் பேஜ் சைஸ் ஆப்ஷனை ஆன் செய்ய வேண்டும். அதற்கும் முந்தையது என்றால் லிங்கருக்கு மேக்ஸ் பேஜ் சைஸ் 16384 என்று நாமே சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் 8.5.1-க்குக் குறையக்கூடாது. லைப்ரரி ஃபைலை ரீட்எல்ஃப் கருவியில் பார்த்தால் ஒவ்வொரு லோட் வரியிலும் அலைன்மென்ட் 16384 ஆவது இருக்க வேண்டும். நம் கோடு சரியாக இருந்தாலும், யாரோ கட்டிக் கொடுத்த பழைய எஸ்ஓ (பில்டு செய்த லைப்ரரி) ஃபைல் ஒன்று ஆப்புக்குள் இருந்தால் பிளே தடுக்கும். அதை நம்மால் திருத்த முடியாது. கொடுத்தவரிடம் புதுப் பில்டு கேட்க வேண்டியதுதான்.

கிராஷ் விஷயத்தில் கருவி சுத்தமாக உதவாது. தவறான மெமரியைத் தொட்டு செக்ஃபால்ட் வந்தால் டார்ட் ஸ்டாக் எதையும் எதிர்பார்க்காதீர்கள்; வெறும் முகவரிகள்தான் வரும். ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஸ்ட்ரிப் ஆகாத எஸ்ஓ ஃபைல்களை எடுத்து வைத்து, கிரேடிலில் டீபக் சிம்பல் லெவலை ஃபுல் என்று போட்டு பிளேயில் ஏற்றுங்கள். என்டிகே-ஸ்டாக் அதன் பிறகுதான் வரி எண் சொல்லும்.

யாருக்கு வேண்டாம்? கேமரா, புளூடூத், நோட்டிஃபிகேஷன் என்று மேடையின் சொந்த ஏபிஐதான் வேலை என்றால் மெத்தட் சேனலே போதும். அங்கே சி-க்கு இடமே இல்லை. ஜாவா, கோட்லின் லைப்ரரியை நேரடியாக அழைக்க ஜேஎன்ஐஜென் இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு முறை அழைக்கும் ஒரே ஒரு ஃபங்ஷனுக்காக இத்தனையும் சுமக்கத் தேவையில்லை, அது டார்ட்டிலேயே கிடைத்தால் டார்ட்டில் எழுதுங்கள். டேட்டாபேஸ், கோடெக், கிரிப்டோ, ஆடியோ, மெஷின் லேர்னிங் ரன்டைம் போன்றவற்றுக்கு எஃப்எஃப்ஐயைத் தாராளமாக எடுக்கலாம். ஏற்கெனவே 3.10-க்கு முந்தைய டார்ட்டில் ஓடும் ஆப் என்றால் சிமேக், பாட்ஸ்பெக் அமைப்பை உடனே கலைக்க வேண்டாம். என்டிகேவை மட்டும் ஆர்28-க்கு ஏற்றிவிட்டு, ஹுக்குக்கு மாறுவதை அடுத்த ஃபிளட்டர் அப்கிரேடோடு சேர்த்துச் செய்யுங்கள்.